கூடாரத்து நியாயம்

சஃபாரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஐம்பது வயதைத் தாண்டியவராக இருந்தால் சிங்கம் வராது, சட்டைதான் வரும். ஒரே துணியில் பேன்ட், அதே துணியில் நாலு பாக்கெட் வைத்த அரைக்கை கோட்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்யாண மாப்பிள்ளைகள், பாங்க் மேனேஜர்கள், சினிமா வில்லன்கள் எல்லோரும் சித்திரை வெயிலில்கூட அதை மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கத் திரிந்தார்கள். ஒருத்தரும் ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வார்த்தை சுவாஹிலி மொழியிலிருந்து உலகத்துக்கு வந்தது. சுவாஹிலிக்கு அரபியிலிருந்து வந்தது. 'சஃபர்' என்றால் அரபியில் பயணம். கென்யாவிலும் தான்சானியாவிலும் இன்றைக்கும் சஃபாரி என்றால் வெறும் பயணம்தான். பக்கத்து ஊர் சந்தைக்கு பஸ்ஸில் போய் வந்தாலும் சஃபாரியே! அதே 'சஃபர்' உருது வழியாக நம் ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளிலும் புழங்குகிறது. வெளியூர் கிளம்புகிற பிள்ளையைப் பார்த்து 'சஃபர் நல்லபடியா இருக்கட்டும்' என்று வாழ்த்துகிற பாட்டிகள் அங்கே உண்டு.

நைரோபிக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இந்த ஒரு வார்த்தையைத் தவிர இன்னொரு உறவும் இருக்கிறது. அது காலடியில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் ஆப்பிரிக்காவைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம்.

சஃபாரியில் பல தினுசு உண்டு. குட்டி விமானத்தில் போய் இறங்கி, காட்டு நடுவில் ஏ.சி. அறையில் தங்கி, வெள்ளித்தட்டில் சாப்பிட்டுக்கொண்டே யானை பார்ப்பது ஒரு ரகம். அது பணக்காரர்களுக்கு. இன்னொன்று தரைவழிப் பயணம். ஒரு பழைய லாரி. அதன் பின்பக்கத்தில் இருபது பேர் உட்கார சீட்டு போட்டிருப்பார்கள். அடியில் கூடாரங்கள், அடுப்பு, பாத்திரம், தண்ணீர் டாங்க். நைரோபியில் ஏறினால் தான்சானியா, மலாவி, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா என்று உருண்டு உருண்டு கேப்டவுனில் இறக்கிவிடும். சுமார் எட்டு வாரம். செரெங்கெட்டி புல்வெளி, ஜான்சிபார் தீவு, விக்டோரியா அருவி, ஒகவாங்கோ சதுப்பு, எடோஷா உப்புப் பாலை... எல்லாம் வழியில் வரும். ராத்திரி எங்கே லாரி நிற்கிறதோ அங்கே கூடாரம் அடித்துப் படுக்க வேண்டியதுதான். சமையலும் பாத்திரம் கழுவுவதும் முறை வைத்து எல்லோரும் செய்ய வேண்டும். 'நான் ஜி.எம். ஆக இருந்து ரிட்டயர் ஆனவன்' என்றெல்லாம் சொன்னால் செல்லாது. வெங்காயம் நறுக்கியாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப் போய் வந்தார். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். அவரிடம் எல்லோரும் கேட்டது சிங்கத்தைப் பற்றி. அவர் பேசியதோ தண்ணீரைப் பற்றி.

''சார், லாரி டாங்க்குல இருக்கிறதுதான் தண்ணி. அடுத்த ஊர் வர்ற வரைக்கும் அதை வெச்சு ஓட்டணும். ஒரு டம்ளர்ல பல் தேய்ச்சு, முகமும் கழுவிக்குவோம். பாத்திரத்துக்கு மூணே மூணு பக்கெட். கழுவினப்புறம் துடைக்கத் துணி கிடையாது. ஆளுக்கு ரெண்டு தட்டை எடுத்துக்கிட்டு காத்துல விசிறணும். இருபது பேரு வட்டமா நின்னு தட்டை விசிறிக்கிட்டு இருப்போம், பாக்கறதுக்கு ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி இருக்கும்!''

குப்பையும் அப்படித்தானாம். காலையில் கூடாரத்தைச் சுருட்டியதும் ஒரு மூட்டையில் எல்லாக் குப்பையையும் கட்டி லாரியில் ஏற்றிய பிறகுதான் வண்டி கிளம்பும். முந்தின ராத்திரி அங்கே மனிதர்கள் தங்கினார்கள் என்பதற்கு நெருப்பு மூட்டிய கரி மட்டும்தான் அடையாளம். அதன்மேலும் மண்ணைத் தள்ளிவிடுவார்கள்.

''அம்பத்தாறு நாளு. ஒருத்தர்கூட ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைக் கீழே போடலை சார். நம்ம ஆளுங்க நாலு பேரு இருந்தோம், நாங்களும் போடலை!''

அவர் மனைவி பக்கத்திலேயே இருந்தார். ''இங்க வந்து ஒரு வாரம் டம்ளர்லதான் பல் தேய்ச்சாரு. எட்டாம் நாள்லேருந்து பழையபடி குழாயைத் தொறந்து விட்டுட்டு ஷேவிங்'' என்றார்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால், இதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரே மனிதர். ஒரே மனசாட்சி. அங்கே அவ்வளவு நல்லவராக இருந்தவர் இங்கே வந்ததும் கெட்டவராகிவிட்டாரா? அப்படிச் சொன்னால் அது அநியாயம். அவர் மாறவில்லை. மாறியது தூரம்.

கூடாரத்தில் எல்லாமே கண் முன்னால் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதோ, அந்த டாங்க். எவ்வளவு மிச்சம்? தட்டிப் பார்த்தால் தெரியும். நான் இன்னொரு சொம்பு எடுத்தால் யாருக்குக் குறையும்? இதோ, பக்கத்தில் நிற்கிறாளே, அந்த டச்சுக்காரப் பெண்ணுக்கு. குப்பை எங்கே போகும்? என் காலடியில் மூட்டையாகக் கேப்டவுன் வரை வரும். எடுப்பவனும் இழப்பவனும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நிலைமையில் யோக்கியனாக இருப்பதற்குப் பெரிய தர்மசிந்தனை தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

ஊரில் அப்படியா? குழாயைத் திறந்தால் வருகிறது. எந்த ஏரி, யாருடைய வயல் என்பது தெரியாது. குப்பையை வாசலில் வைத்தால் காணாமல் போகிறது. எந்தக் கிராமத்து ஓரத்தில் அது மலையாகக் குவிகிறது என்பது தெரியாது. நம்மில் யாரும் அடுத்தவன் சொம்பில் கை வைக்கிறவர்கள் இல்லை. ஆனால், அடுத்தவன் நூறு மைல் தள்ளி இருந்தால், வைத்த கை நமக்கே தெரிவதில்லை.

'அப்படியானால் எல்லோரும் சஃபாரி போய் வந்தால் திருந்திவிடுவோமா?' என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். கூடாரத்திலிருந்து எல்லாம் தெரிவதில்லை. சில விஷயங்கள் தெரியாமல் இருப்பதற்காகவே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றன.

*

செரெங்கெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டையும் மானையும் சேர்த்துச் செய்தது மாதிரி இருக்கும் வில்டபீஸ்ட் என்கிற பிராணி பத்து லட்சத்துக்கு மேல் அணிவகுத்துப் போகிற புல்வெளி. பார்க்கிறவர்கள் 'ஆஹா, மனிதன் காலே படாத பூமி' என்று உருகுவார்கள். மனிதன் கால் நன்றாகவே பட்ட பூமி அது. அந்தப் பெயரே அங்கே மாடு மேய்த்த மாசாய் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. 1951-ல் தேசியப் பூங்கா ஆனது. 1959-ல் பிரிட்டிஷ் ஆட்சி மாசாய்களைப் பக்கத்திலிருக்கும் ங்கோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பியது. 'இனி இது உங்கள் இடம்' என்றார்கள். 2022-ல் அங்கிருந்தும் அவர்களை வெகுதூரம் தள்ளிக் குடியமர்த்தும் வேலையை தான்சானியா அரசு தொடங்கியது. காடு காலியாக இருக்கவில்லை. நாம் பார்ப்பதற்காகக் காலி செய்யப்பட்டது.

போட்ஸ்வானாவின் கதை இன்னும் கனமானது. மத்திய கலஹாரி வனப்பகுதியில் ஆயிரக்கணக்கான வருடங்களாக வாழ்ந்தவர்கள் 'சான்' மக்கள். 1997-லும் 2002-லும் அரசு அவர்களை வெளியேற்றியது. 2002-ல் அவர்கள் குடித்த ஆழ்குழாய்க் கிணற்றை மூடியது. கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-ல் 'திரும்பி வரலாம்' என்று தீர்ப்பு வந்தது. திரும்பி வந்தால் தண்ணீர் இல்லை! மூடின கிணற்றைத் திறக்க அரசு மறுத்தது. அந்த வருடங்களில்தான் அதே காட்டுக்குள் டூரிஸ்ட்டுகளுக்கான முகாம் ஒன்று திறக்கப்பட்டது. கடைசியில், 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்டுத்தான் அவர்களுக்குக் கிணறு தோண்டும் உரிமை கிடைத்தது. ஒரு சொம்பு தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்ததில் பெருமைப்படுகிற பயணிக்கு, சற்றுத் தள்ளி ஒருவருக்கு அந்தச் சொம்பே மறுக்கப்பட்டது தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள விரும்பாததால் அல்ல. லாரி அந்தப் பக்கம் போகவில்லை.

யானை விஷயமும் அதேதான். போட்ஸ்வானாவில் சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரம் யானைகள். ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு 'யானையைச் சுடாதே, வேட்டைப் பொருளை இறக்குமதி செய்யாதே' என்று ஜெர்மனி சொன்னபோது, 2024-ல் போட்ஸ்வானா ஜனாதிபதியாக இருந்த மசிசி என்ன சொன்னார் தெரியுமா? 'இருபதாயிரம் யானைகளை அனுப்பி வைக்கிறேன். நீங்களே வைத்துக் காப்பாற்றுங்கள்' என்றார். உலகமே சிரித்தது. சோளக்கொல்லையை யானைக்குப் பறிகொடுத்த விவசாயி மட்டும் சிரித்திருக்க மாட்டான்.

அவன் ஏன் சிரிக்கவில்லை என்பது பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். 1980-களில் ஓசூர் பக்கத்துக் காடுகளிலிருந்து கிளம்பிய ஒரு யானைக்கூட்டம், பல தலைமுறைகளாக யானையே இல்லாத ஆந்திர எல்லைக் காடுகளுக்கு வந்து தங்கிவிட்டது. அவற்றுக்காக சித்தூர் மாவட்டத்தில் 1990-ல் கவுண்டின்யா சரணாலயம் அமைத்தார்கள். சரணாலயத்துக்கு எல்லை உண்டு, யானைக்கு இல்லை. இந்தப் பக்கம் இறங்கினால் நம் ஊர் வாழை, கரும்பு, நெல். ராத்திரி முழுக்கப் பட்டாசும் தகரடப்பாவுமாகக் காவல் இருப்பது அங்கே ஒரு வேலை. லட்சக்கணக்கில் செலவழித்து ஒருவர் யானையைத் தேடிப் போகிறார். இன்னொருவருக்கு யானை தானாக வீடு தேடி வருகிறது. முதலாமவர் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். இரண்டாமவர் எங்கே கிளம்புவார்?

பார்த்துவிட்டுப் போகிறவரின் நியாயம் ஒன்று. போக முடியாதவரின் நியாயம் வேறு.

*

இப்போது காலடிக்கு வருவோம். அந்த லாரியில் இருந்த இருபது பேர் காலிலும் இருந்திருக்கக்கூடியது, முள்ளுக்கும் கல்லுக்கும் அசையாத ஒரு ஜோடி தோல் பூட்ஸ். லண்டனிலோ பெர்லினிலோ வாங்கியது. கடைக்காரரின் பெயர் மேலே இருக்கும். உள்நாக்கைப் புரட்டிப் பார்த்தால் சில ஜோடிகளில் 'மேட் இன் இந்தியா' என்று பொடி எழுத்தில் தெரியும். அது ஆம்பூராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஐரோப்பாவின் பெரிய பெரிய ஷூ பிராண்டுகளுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் பல வருடங்களாகச் சப்ளை செய்து வருகிறது. வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வரும் தோலும் இங்கே பதமாகிறது. ஆப்பிரிக்காவில் மேய்ந்த ஒரு ஆட்டின் தோல் இங்கே வந்து, பதமாகி, தைக்கப்பட்டு, ஐரோப்பா போய், ஒரு டூரிஸ்ட்டின் காலில் ஏறி மறுபடி ஆப்பிரிக்காவுக்கே போவதும் நடக்கக்கூடியதுதான். அதுவும் ஒரு சஃபர்!

தோல் என்பது உரித்தவுடன் அழுகத் தொடங்கும் பொருள். அதனால், முதலில் உப்பு. கொத்துக் கொத்தாக உப்பு. பிறகு அந்த உப்பைக் கழுவி எடுக்கத் தண்ணீர். அப்புறம் முடி நீங்கச் சுண்ணாம்புத் தொட்டி. மறுபடி தண்ணீர். ஒட்டியிருக்கும் சதையை வழித்தெடுத்து, அமிலம் காட்டி, பதனிட்டு, சாயம் ஏற்றி... ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர். ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே மூன்று பக்கெட்டில் இருபது பேர் பாத்திரம் கழுவினார்களே, ஞாபகம் இருக்கிறதா?

பழைய நாளில் ஆவாரம் பட்டையில்தான் பதனிட்டார்கள். பட்டை போதாமல் போனபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டைச் சாறு வந்தது. (நீலகிரியில் சீகை என்பார்களே, அதே மரம்.) அந்த முறையில் வாரக்கணக்கில் ஆகும். 1970-களில் அரசாங்கம் அரைகுறைத் தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதப்படுத்திய தோலாகவும் ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. நல்ல எண்ணம்தான். வேலை பெருகியது, டாலர் வந்தது. வாரங்கள் இரண்டு, மூன்று நாட்களாகச் சுருங்கிவிடும் குரோமியம் முறை பரவியது. குரோமியத்தை மட்டும் திட்டுகிறோம். கிணறுகளைக் கெடுத்ததில் உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. இரண்டும் பாலாற்றுக்குப் போயின. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரா வழியாக வந்து, வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆறு. மேலே மணல், அடியில் ஊற்று. அந்த ஊற்றை நம்பித்தான் இரு கரையிலும் கிணறு. ஊற்றுக்குள்ளேயே உப்பு இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் வேலூர் என்றால் கோட்டைக்கு முன் இந்தத் தீர்ப்புதான் ஞாபகம் வரும். 'கெடுத்தவன் காசு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. தோல் வட்டாரத்தில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதைத் தீர்ப்பு பதிவு செய்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம்.

இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001-ல் அது சொன்ன கணக்கு: பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 29 ஆயிரம், இழப்பீடு சுமார் 26.8 கோடி ரூபாய். சராசரி போட்டுப் பாருங்கள். தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. ஒரு கிணற்றின் விலை, ஒரு தென்னந்தோப்பின் விலை, 'எங்க ஊர்த் தண்ணி இளநி மாதிரி இருக்கும்' என்ற பேச்சின் விலை. அதிலும் விடுபட்டவர்கள், வந்து சேராதது, மேல்முறையீடு என்று இழுத்து, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது: பாக்கியுள்ளவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள், கெடுத்தவர்களிடம் வசூலியுங்கள் என்று. நடுவில் 28 வருடத்துக்கு மேல். கிணறு கெட்டபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்றைக்குக் காவிரித் தண்ணீரைக் குடிக்கின்றன. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம். பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு காவிரியைக் குடிக்கிற நிலைமை!

*

பீட்டர் சிங்கர் என்று ஓர் ஆஸ்திரேலியத் தத்துவப் பேராசிரியர். 1972-லிருந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு வருகிறார். நீங்கள் குளத்தோரமாகப் போகிறீர்கள். ஒரு குழந்தை முழுகிக்கொண்டிருக்கிறது. இறங்கினால் தூக்கிவிடலாம். ஆனால், நேற்று வாங்கிய புது ஷூ நாசமாகும். என்ன செய்வீர்கள்? 'இதென்ன கேள்வி, ஷூ போனால் போகட்டும்' என்போம். அப்படியானால், பத்தாயிரம் மைல் தள்ளிச் சாகும் குழந்தைக்கு அந்த ஷூவின் விலையைக் கொடுத்தால் பிழைக்கும் என்றால் ஏன் கொடுப்பதில்லை? தூரம் ஒரு காரணமாகுமா என்கிறார் சிங்கர்.

நல்ல கேள்விதான். ஆனால், ஆம்பூரில் நின்று கேட்டால் இது இன்னும் கொஞ்சம் கூர்மையாகிறது. சிங்கரின் வழிப்போக்கன் குழந்தையைக் குளத்தில் தள்ளவில்லை. அவன் செய்வது தர்மம். நம் விஷயத்தில் ஷூவும் குளமும் தனித்தனி அல்ல. அந்த ஷூவுக்காகத்தான் அந்தக் குளம் கெட்டது. எனவே, நாம் தர வேண்டியது தர்மம் இல்லை, பாக்கி. மளிகைக் கடையில் அரிசி வாங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் வந்தால் அதற்குப் பெயர் என்னவோ, அது.

'அப்படியானால் தோலே வேண்டாம்' என்று ஷூவைக் கழற்றி எறிவது சுலபம். அதைச் சொல்கிறவர்களும் உண்டு. காலை ஆறு, ஏழு மணிக்கு ஆம்பூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். டிபன் பாக்ஸும் துப்பட்டாவுமாக ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷூ மேல்பாகம் தைக்கிறவர்கள். ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தபோது சொன்னாள்: ''இன்னாண்ணா பண்றது, எங்கப்பா நெலத்துல இப்ப ஒண்ணும் வெளையல. கெணத்துத் தண்ணி வாயில வெக்க முடியாது. அதான் கம்பெனிக்கு வர்றேன். வண்டி வூட்டாண்டையே வருது, மாசமானா சம்பளம் வருது. கம்பெனிய மூடிட்டா நாங்க எங்க போவோம்?''

கிணற்றைக் கெடுத்த தொழிலேதான் சோறும் போடுகிறது. அவளிடம் போய் 'நான் தோலைப் புறக்கணிக்கிறேன்' என்று சொன்னால் அது அவளுக்குச் செய்கிற உதவியா? அதுவும் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புகிற டூரிஸ்ட்டின் நியாயம்தான். நம் கை சுத்தமாகிவிடும். அவள் கிணறு சுத்தமாகாது, சம்பளமும் போய்விடும்.

தோல் வியாபாரத்தில் தலை நரைத்த ஒரு பாய் கேட்டது இன்னும் நேரடியாக இருந்தது. ''தம்பி, சுத்திகரிப்பு நிலையம் வெக்கச் சொன்னாங்க, வெச்சோம். சொட்டுத் தண்ணிகூட வெளிய வுடாதேன்னாங்க, கோடிக்கணக்குல மிஷின் போட்டோம். சில பேரு திருட்டுத்தனமா வுடறான், இல்லேங்கல. ஆனா, வெள்ளைக்காரன் ஷூவுக்கு ஒரு டாலர் ஏத்திக் குடுன்னா, 'வேற நாட்டுல வாங்கிக்கறேன்'றான். அவன் ஊர்ல ஆத்தைப் பத்திப் பேசறவனும் அவன்தான், விலையக் கொறைக்கறவனும் அவன்தான். இதுக்கு இன்னா சொல்றீங்க?''

முதலாளிகளின் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. முழுசாக ஏற்றுக்கொள்ளவும் முடியாது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டுப் பக்கம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் புதைந்து செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்தம் செய்கிறோம் என்று சேர்த்து வைத்த கழிவு அது. அதே ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்துவிட்டு 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலை, ஒன்றரை லட்சம் டன் அளவுக்குக் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. விலை கட்டுப்படியாகவில்லை என்பது இந்த எதற்கும் சமாதானம் ஆகாது. ஆனால், பாய் கேட்ட கேள்வி நியாயமானது. 'கெடுத்தவன் கொடுக்கட்டும்' என்கிற சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி வாங்குகிற கம்பெனியிடமும், அதையும் தாண்டிப் போட்டுக்கொண்டு நடக்கிற காலிடமும் அது போவதில்லை.

சட்டம் போக முடியாத இடத்துக்கு மனசாட்சி போக வேண்டும். ஆனால், மனசாட்சிக்குக் கண் தெரிய வேண்டுமே! கண்ணுக்குப் பட்டால்தான் நாம் யோக்கியர்கள் என்பதை அந்த எட்டு வாரக் கூடாரம் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்படியானால், படாததைப் பட வைக்கிற வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மாதாமாதம் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ராணிப்பேட்டை வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம். ஆம்பூரில் மட்டும் இறக்குகிறோம், பிரியாணிக்காக. அடுத்த முறை பார்சல் வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் ஆற்றுப் பக்கம் போய் நின்றுவிட்டு வாருங்கள். ஊருக்கு உபதேசம் செய்ய அல்ல, பார்க்க. ஷூ வாங்கும்போது 'எவ்வளவு தள்ளுபடி?' என்று கேட்கிற வாயால் 'இந்தத் தோல் எங்கே பதமாச்சு?' என்றும் கேட்கலாம். கடைப் பையன் முழிப்பான். முழிக்கட்டும். நூறு பேர் கேட்டால் அவன் மேனேஜர் முழிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் பதில் தயாராகும். வாங்கிய ஜோடியைத் தைத்து, அடிப்பாகம் மாற்றி இன்னும் மூன்று வருடம் போடலாம். தெருமுனைச் செருப்புத் தொழிலாளிக்கும் வேலை. நல்லபடியாகப் பதனிட்ட தோல் நூறு ரூபாய் கூடுதல் என்றால் அந்த நூறைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

இதனால் பாலாறு நாளைக்கே திரும்பிவிடாது. கோர்ட்டும் அரசாங்கமும் செய்ய வேண்டியதை நம் நூறு ரூபாய் செய்துவிடாது. ஆனாலும், பாக்கி பாக்கிதான். வட்டி கட்ட முடியாதவன்கூடக் கடன் இருப்பதை ஒப்புக்கொள்ளலாம்.

கழிவுநீரைச் சுத்தம் செய்து தண்ணீரைப் பிரித்த பிறகு கடைசியில் மிஞ்சுவது உப்பு. எதற்கும் உதவாத, எங்கேயும் கொட்டக்கூடாத கலப்பு உப்பு. சுத்திகரிப்பு நிலையக் கிடங்குகளில் அதை மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். அங்கே கூடாரத்தில், குப்பை மூட்டையை ஏற்றாமல் லாரி நகராது என்பது விதி. இங்கே ஷூ போய்விட்டது. போட்டவர்களும் கிளம்பிவிட்டார்கள். மூட்டை இன்னும் ஏற்றப்படவில்லை.